டாக்லேண்ட்ஸ் ரயில் யாருக்காக வந்தது?

கேள்வி: லண்டனில் பாழடைந்து கிடந்த டாக்லேண்ட்ஸ் என்ற துறைமுகப் பகுதி, டிஎல்ஆர் ரயில் வந்த பிறகுதான் வங்கிக் கோபுரங்கள் நிற்கும் இன்றைய கேனரி வார்ஃப் ஆக மாறியது என்கிறார்கள். அப்படியென்றால் நலிந்துபோன எந்த நகரப் பகுதிக்கும் நல்ல ரயில் இணைப்பு கொடுத்துவிட்டால் அது மறுபடி செழித்துவிடுமா?

பதில்: நிலம் செழிக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நிலத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் செழிப்பார்களா என்பது வேறு கேள்வி. ரயிலை யார் கேட்டார்கள், எந்த வருடம் வந்தது, எங்கெங்கே நின்றது, பணம் யாருடையது என்று பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். டாக்லேண்ட்ஸ் கதையைப் பெரும்பாலும் 1980-களில் இருந்து தொடங்குகிறார்கள். கொஞ்சம் முன்னே போகவேண்டும்.

டாக்லேண்ட்ஸுக்குள் இருக்கும் ஐல் ஆஃப் டாக்ஸ் என்பது தேம்ஸ் நதி மூன்று பக்கமும் வளைந்து சுற்றிக்கொண்ட நிலம். நான்காவது பக்கத்தை 1802-இல் திறந்த வெஸ்ட் இந்தியா கப்பல்துறைகள் அடைத்துக்கொண்டதால் அது ஏறத்தாழத் தீவாகவே ஆகிவிட்டது. உள்ளே போக, வெளியே வர இரண்டே சாலைகள், இரண்டிலும் கப்பலுக்காகத் திறக்கும் பாலங்கள். கப்பல் நுழையும்போது பாலம் திறந்துவிட்டால் வேலைக்குப் போகிறவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, ஆம்புலன்ஸ், எல்லோரும் நிற்கவேண்டியதுதான்.

1970 மார்ச்சில் இந்தத் தீவுவாசிகள் சாலைகளை மறித்து, நாங்கள் பிரிட்டனிலிருந்து விடுதலை பெற்றுவிட்டோம் என்று அறிவித்தார்கள். டெட் ஜான்ஸ் என்ற உள்ளூர் கவுன்சிலரைத் தங்கள் குடியரசுத் தலைவர் என்றார்கள். பத்திரிகைகளுக்கு அது வேடிக்கைச் செய்தி. அவர்கள் கேட்டது வேடிக்கையானதல்ல: பள்ளி போதவில்லை, கடை போதவில்லை, பஸ் போதவில்லை. அங்கே அப்போது சுமார் 10,000 பேர் வசித்தார்கள். பத்தாயிரம் பேரின் கோரிக்கை ஒரு ரயிலைக் கொண்டுவரவில்லை. பாதாள ரயிலைக் கிழக்கே நீட்டும் வரைபடங்கள் 1970-கள் முழுக்க அலுவலக மேசைகளில் இருந்தன. ஜூபிலி பாதையின் முதல் கட்டம் 1979-இல் சாரிங் கிராஸ் வரை வந்து நின்றது. அதற்குக் கிழக்கே போக அரசு பணம் ஒதுக்கவில்லை.

இதற்கிடையே துறைமுகமே போய்விட்டது. கன்டெய்னர் கப்பல்கள் வந்தபின் பழைய கப்பல்துறைகளின் வாயிலும் ஆழமும் பற்றவில்லை. சரக்கு முழுவதும் நதியின் கீழ்ப்பகுதியில் உள்ள டில்பரிக்கு இடம்பெயர்ந்தது. ஈஸ்ட் இந்தியா 1967-இல் மூடப்பட்டது, செயின்ட் கேத்தரின் 1968-இல், வெஸ்ட் இந்தியாவும் மில்வாலும் 1980-இல், ராயல் கப்பல்துறைகள் 1981-இல். அப்பா, தாத்தா காலத்திலிருந்து மூட்டை தூக்கியும் கிரேன் ஓட்டியும் வாழ்ந்த குடும்பங்கள் பதினைந்து வருடத்துக்குள் வேலையற்றுப் போயின.

1981-இல் தாட்சர் அரசு லண்டன் டாக்லேண்ட்ஸ் வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைனின் யோசனை அது. டவர் ஹாம்லெட்ஸ், நியூஹாம், சதர்க் என்ற மூன்று உள்ளூர் கவுன்சில்களிடமிருந்து கட்டட அனுமதி அதிகாரம் பறிக்கப்பட்டு, தேர்ந்தெடுக்கப்படாத இந்தக் கழகத்திடம் தரப்பட்டது. 1982-இல் ஐல் ஆஃப் டாக்ஸின் ஒரு பகுதி தொழில் ஊக்க மண்டலம் ஆனது. பத்து வருடத்துக்கு வணிகச் சொத்துவரி கிடையாது, கட்டடம் கட்டும் செலவு முழுவதையும் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இத்தனை சலுகை கொடுத்தும் முதலில் வந்தவை தகரக் கொட்டகைத் தொழிற்கூடங்களும் பத்திரிகை அச்சகங்களும்தான். லண்டன் நகர மையத்திலிருந்து வெறும் நான்கைந்து கிலோமீட்டரில் இருந்தாலும், அங்கே போய்ச்சேர வழியில்லாத இடத்துக்கு யார் வருவார்கள்? அப்போதுதான் ரயில் பேச்சு மறுபடி எழுந்தது. பன்னிரண்டு வருடத்துக்குமுன் மக்கள் பஸ் கேட்டபோது எழாத பேச்சு, நிலம் விலைபோகவில்லை என்றதும் எழுந்தது. இந்த ஒரு வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் டாக்லேண்ட்ஸில் பிறகு நடந்த எல்லாம் விளங்கும்.

பாதாள ரயிலுக்கு ஆகும் செலவைக் கொடுக்க அரசு தயாராக இல்லை. மலிவாக என்ன முடியும் என்று பார்த்துப் பிறந்ததுதான் டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வே, சுருக்கமாக டிஎல்ஆர். 1840-இல் கட்டிய லண்டன்–பிளாக்வால் ரயில்வேயின் செங்கல் வளைவுப் பாலம் பயனற்று நின்றிருந்தது. அதன்மேலேயே தண்டவாளம் போட்டார்கள். ஓட்டுநர் இல்லாமல் கணினியே ஓட்டும் ரயில். மொத்தம் 11 ரயில்கள், ஒவ்வொன்றும் ஒற்றைப் பெட்டி, 15 நிலையங்கள், செலவு 77 மில்லியன் பவுண்ட். 1987 ஜூலையில் எலிசபெத் அரசி திறந்து வைத்தார். பொறியியலாக எனக்கு இன்றும் பிடித்த திட்டம் அது. இருக்கும் பழைய கட்டுமானத்தை வீணாக்காமல், குறைந்த பணத்தில், சீக்கிரமாகக் கட்டினார்கள். உள்ளூர் மக்களுக்கும் அது உண்மையிலேயே பயன்பட்டது. ஐலண்ட் கார்டன்ஸில் ஏறினால் பாலத்துக்குக் காத்திராமல் டவர் கேட்வேயிலோ ஸ்ட்ராட்ஃபோர்டிலோ போய் இறங்கலாம்.

ஆனால் அதே ஜூலை மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. கனடாவின் ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம், பால் ரைக்மன் தலைமையில், கேனரி வார்ஃபில் பிரம்மாண்டமான அலுவலக நகரம் ஒன்றைக் கட்ட ஒப்பந்தம் போட்டது. பல்லாயிரக்கணக்கான பேர் வேலைக்கு வரும் இடம். வாசலில் ஒற்றைப் பெட்டி ரயில். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த மாதிரி ஆயிற்று. புதிதாகக் கட்டிய கேனரி வார்ஃப் நிலையத்தை ஒரு பயணி கூட இறங்குவதற்குமுன் இடித்துவிட்டுப் பெரிதாக்கினார்கள். நடைமேடைகளை இரட்டைப் பெட்டிக்கு நீட்டினார்கள். 1991-இல் லண்டன் நகர மையத்தில் உள்ள பேங்க் என்ற நிலையம் வரை சுரங்கப் பாதை திறந்தார்கள். அந்தச் சின்னச் சுரங்கத்துக்கு மட்டும் ஆன செலவு, முதலில் போட்ட பாதை முழுவதற்கும் ஆனதைப்போல் மும்மடங்குக்கும் மேல். முதல் ரயில்களோ தீப்பாதுகாப்பு விதிப்படி அந்தச் சுரங்கத்துக்குள் போகத் தகுதியில்லை என்று ஜெர்மனியின் எஸ்ஸென் நகருக்கு விற்கப்பட்டன. 1990-களின் தொடக்கத்தில் இந்த வேலைகளுக்காக மாலையிலும் வார இறுதியிலும் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். அலுவலகம் போகிறவருக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகும் உள்ளூர்க்காரருக்குத்தான் ரயில் இல்லை. ஒரு பாதை யாரை மனத்தில் வைத்து நடத்தப்படுகிறது என்பது இப்படிப்பட்ட கால அட்டவணைகளில்தான் தெரியும்.

1991-இல் ஒன் கனடா ஸ்கொயர் கோபுரம் எழுந்தது. 235 மீட்டர், அப்போது பிரிட்டனிலேயே உயரமான கட்டடம். பாதிக்குமேல் காலியாக நின்றது. 1992 மே மாதம் ஒலிம்பியா அண்ட் யார்க் திவாலானது. சொத்துச் சந்தை விழுந்தது ஒரு காரணம். போய்வரச் சிரமமான இடம் என்பது இன்னொரு காரணம். ஜூபிலி பாதையை நீட்ட அந்த நிறுவனம் 400 மில்லியன் பவுண்ட் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. நிறுவனம் விழுந்ததும் ரயில் திட்டமும் நின்றது. கேனரி வார்ஃபைக் கையில் வைத்திருந்த வங்கிகளோடு பேசி முடித்து, 1993 டிசம்பரில்தான் வேலை தொடங்கியது. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருந்தது என்று பாருங்கள்: ரயில் இல்லாததால் கட்டடம் நிரம்பவில்லை, கட்டடம் நிரம்பாததால் ரயிலுக்குப் பணம் வரவில்லை. தனியார் கட்டடத்தின் லாபத்தை நம்பிப் பொதுப் போக்குவரத்தைத் திட்டமிட்டால் இந்த முடிச்சு எங்கேயும் விழும்.

இந்த வருடங்களில் உள்ளூரில் என்ன நடந்தது? 1981-இல் டாக்லேண்ட்ஸில் சொந்த வீட்டில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். மிகப் பெரும்பாலோர் கவுன்சில் வாடகை வீடுகளில் இருந்தார்கள். வளர்ச்சிக் கழகம் கலைக்கப்பட்ட 1998-க்குள் அந்தப் பகுதியில் சுமார் 24,000 புதிய வீடுகள் எழுந்தன. மக்கள்தொகை 39,000-லிருந்து 83,000 ஆனது, வேலைகள் 27,000-லிருந்து 85,000 ஆயின. எண்கள் பிரமாதம். ஆனால் வேலைகளில் பெருவாரியானவை வேறிடத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை, ஆட்களோடு சேர்ந்தே வந்தவை. வீடுகளில் பெரும்பாலானவை விற்பனைக்கு. கவுன்சில் வீட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் வரிசையிலேயே நின்றார்கள். அந்தக் கசப்பை வங்காளிக் குடும்பங்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டது தீவிர வலதுசாரிக் கட்சியான பிஎன்பி. 1993 செப்டம்பரில் மில்வால் வட்ட இடைத்தேர்தலில் அதன் வேட்பாளர் வென்றார், கோபுரத்தின் நிழலிலேயே. எட்டு மாதத்தில், 1994 மே தேர்தலில், வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்தார்கள் என்பது ஆறுதல். வீட்டுப் பஞ்சத்துக்குக் காரணம் அண்டை வீட்டு வங்காளி இல்லை. அந்த வீட்டை யாருக்குக் கட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள்.

ஜூபிலி நீட்டிப்பு 1999-இல் பகுதி பகுதியாகத் திறந்தது. 16 கிலோமீட்டர், 11 நிலையங்கள், மதிப்பிட்டது 2.1 பில்லியன் பவுண்ட், ஆனது 3.5 பில்லியன். கேனரி வார்ஃப் நிலையத்தை நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்தது. பழைய கப்பல்துறையின் நீரை இறைத்து, அந்தக் குழிக்குள்ளேயே கட்டினார்கள். கட்டடக் கலை விரும்பிகள் அதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமானது பாதை எந்த வழியாகப் போனது என்பது. ஒலிம்பியா அண்ட் யார்க் முதலில் விரும்பியது வாட்டர்லூவிலிருந்து தங்கள் வாசலுக்கு நேராக வரும் ஒரு பாதை. கடைசியில் கட்டப்பட்டது அப்படியில்லை. பெர்மண்ட்ஸி, கனடா வாட்டர், கேனிங் டவுன், வெஸ்ட் ஹாம் என்று ஏழைப் பகுதிகளின் நடுவே நுழைந்து ஸ்ட்ராட்ஃபோர்டில் போய் முடிந்தது. முதல் திட்டத்தில் வாட்டர்லூவுக்கும் லண்டன் பிரிட்ஜுக்கும் நடுவே நிலையமே கிடையாது. உள்ளூர் கவுன்சில் விடாமல் கேட்டுத்தான் சதர்க் நிலையம் வந்தது. இந்த விவரத்தை யாராவது உள்ளூர்ப் போராட்டம் வீண் என்று சொல்லும்போது சொல்லுங்கள்.

அந்த நிலையங்கள் எதை மாற்றின என்பதற்கு நம்மவர்கள் வாழ்வே சாட்சி. நியூஹாமின் ஈஸ்ட் ஹாமில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் பாதையில் மூன்று நிறுத்தம் வந்து வெஸ்ட் ஹாமில் மாறினால் கேனரி வார்ஃப். 1999-க்குமுன் இந்த மாற்றம் கிடையாது. கணக்காளர் வேலைக்கும் கணினி வேலைக்கும் அந்த வழியாகப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் அதே கட்டடங்களை விடியுமுன் துடைத்துப் பெருக்குகிறவர்கள் முதல் ரயில் வருவதற்குமுன் வேலைக்குப் போகவேண்டியவர்கள். அவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது இரவு பஸ். கிழக்கு லண்டனில் 2001-இல் வாழ்க்கைக்கேற்ற ஊதிய இயக்கம் தொடங்கியது. 2003-இல் எச்எஸ்பிசி வங்கியின் பங்குதாரர் கூட்டத்தில் அதன் கேனரி வார்ஃப் தலைமையகத்தைச் சுத்தம் செய்யும் தொழிலாளி ஒருவர் எழுந்து நின்று தன் சம்பளத்தைச் சொன்னார். ரயில் ஒருவரை வேலையின் வாசல்வரை கொண்டுவிடும். உள்ளே என்ன கூலி என்பதை ரயில் தீர்மானிப்பதில்லை. டவர் ஹாம்லெட்ஸ் இன்றும் இங்கிலாந்தில் குழந்தை வறுமை மிக அதிகமுள்ள பகுதிகளில் ஒன்று, வங்கிக் கோபுரங்கள் அதன் எல்லைக்குள்ளேயே இருந்தும்.

இனி பணத்தின் கதை. ஜூபிலிக்கான செலவில் பெரும்பங்கு பொதுப் பணம். நிலையங்களைச் சுற்றி நிலத்தின் விலை ஏறியபோது அந்த ஏற்றம் நிலம் வைத்திருந்தவர்களின் பைக்குப் போனது. இதிலிருந்து லண்டன் பாடம் கற்றது என்று சொல்லலாம். இன்று எலிசபெத் பாதை எனப்படும் கிராஸ்ரயில் திட்டம் 1989-இலேயே முன்வைக்கப்பட்டு, 1994-இல் நாடாளுமன்றக் குழுவில் நிராகரிக்கப்பட்டு, பிறகு மீண்டு வந்தபோது கணக்கு மாறியிருந்தது. 2010 முதல் லண்டனின் பெரிய வணிகக் கட்டடங்கள்மேல் கூடுதல் வரி, 2012 முதல் புதிய கட்டடங்கள்மேல் தனிக் கட்டணம், கேனரி வார்ஃப் நிறுவனத்திடமிருந்து அதன் நிலையத்துக்காக 150 மில்லியன் பவுண்ட். இப்படித் திரட்டித்தான் எலிசபெத் பாதை 2022 மே மாதம் திறந்தது. ரயிலால் பயன்பெறுகிறவர் ரயிலுக்குக் கொடுக்கவேண்டும் என்ற எளிய நியாயம். எந்த நகரமும் இதைத் தண்டவாளம் போடுமுன் சட்டமாக்கிவிட வேண்டும். விலை ஏறியபின் கேட்டால் கொடுப்பாரில்லை.

போக்குவரத்து என்ற பெயரில் வருவதெல்லாம் போக்குவரத்து ஆகிவிடாது என்பதற்கும் இதே டாக்லேண்ட்ஸில் உதாரணம் இருக்கிறது. 2012-இல் தேம்ஸுக்கு மேலே, கிரீன்விச் தீபகற்பத்துக்கும் ராயல் கப்பல்துறைக்கும் நடுவே, சுமார் 60 மில்லியன் பவுண்ட் செலவில் ஒரு கேபிள் கார் அமைத்தார்கள். ஒரு விமான நிறுவனம் தன் பெயரை வைக்கப் பணம் கொடுத்தது. தனிக் கட்டணம், மாதச் சீட்டு செல்லாது. காட்சி பார்க்க வருகிறவர்கள் ஏறுகிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. இதே கருவியைக் கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2004-இல் எப்படிப் பயன்படுத்தியது என்று பாருங்கள். மலைச்சரிவில் நெருக்கியடித்து வாழ்ந்த சான்டோ டொமிங்கோ மக்களைக் கீழே பள்ளத்தாக்கில் ஓடும் மெட்ரோவோடு கேபிள் கார் இணைத்தது. மெட்ரோ சீட்டோடு சேர்ந்த பயணம், தனிக் கட்டணம் இல்லை. செர்ஹியோ ஃபஹார்டோ மேயராக இருந்தபோது நிலையங்களைச் சுற்றி நடைபாதை, பள்ளி, நூலகம், சின்னப் பாலங்கள் எல்லாம் ஒரே திட்டமாக, குடியிருப்போரோடு உட்கார்ந்து பேசி அமைத்தார்கள். அங்கே கொலைகள் குறைந்ததற்குக் கேபிள் கார் ஒன்றே காரணம் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஆயுதக் குழுக்களின் கலைப்பும், யார் கையில் தெருக்கள் இருந்தன என்பதும் அதில் பெரும் பங்கு வகித்தன. ஆனால் அது மலைமேல் ஏற்கெனவே இருந்தவர்களின் தினசரிப் பயணத்துக்காகக் கட்டப்பட்டது என்பதில் சந்தேகமில்லை.

உங்கள் கேள்விக்கு இன்று நேரில் பார்க்கக்கூடிய விடை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊரையடுத்த பார்க்கிங் ரிவர்சைட். பழைய மின்நிலையம் இருந்த ஆற்றங்கரை நிலம், 10,800 வீடுகளுக்குத் திட்டம். ரயில் வருவது உறுதியாகும்வரை குறிப்பிட்ட எண்ணிக்கைக்குமேல் வீடு கட்டக் கூடாது என்று அனுமதியிலேயே நிபந்தனை வைத்தார்கள். டாக்லேண்ட்ஸில் செய்யத் தவறியது அதுதான். முதலில் வருவதாக இருந்த டிஎல்ஆர் நீட்டிப்பை 2008-இல் மேயர் போரிஸ் ஜான்சன் ரத்து செய்தார். ரயில் வரும்வரை அங்கே குடியேறியவர்களை 2010-இல் தொடங்கிய ஈஎல்1 பஸ்தான் காப்பாற்றியது. அடிக்கடி வரும், நேரே பார்க்கிங் நிலையத்துக்குப் போகும் பஸ். பஸ்ஸை யாரும் மறுவளர்ச்சித் திட்டம் என்று விளம்பரம் செய்வதில்லை. ஆனால் ரயில் கைவிட்ட வருடங்களில் ஒரு குடியிருப்பைத் தாங்கிப் பிடித்தது அதுதான். 2022 ஜூலையில் ஓவர்கிரவுண்ட் ரயில் 4.5 கிலோமீட்டர் நீட்டிக்கப்பட்டு அங்கே வந்தது. செலவின் பெரும்பகுதியை வீடு கட்டும் கூட்டு நிறுவனமே ஏற்றது. நதிக்கு எதிர்க்கரையில் கொஞ்சம் மேற்கே தேம்ஸ்மீட் இருக்கிறது. 1968-இல் முதல் குடும்பம் குடியேறிய அந்த ஊரின் நடுவில் இன்றுவரை ரயில் நிலையம் இல்லை.

ஆகவே உங்கள் ஊரில் ஏதாவது ஒரு பகுதிக்கு மெட்ரோவோ லைட் ரயிலோ வரப்போகிறது, அதனால் அது மறுபிறவி எடுக்கும் என்று சொன்னால், மாதிரிப் படங்களைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அங்கே இருப்பவர்கள் இப்போது காலையில் எங்கே போகிறார்கள், பாதை அந்தத் திசையில் போகிறதா என்று பாருங்கள். நிலையத்திலிருந்து வீடுவரை நடக்க இடமும், அங்கே வந்து நிற்கும் பஸ்ஸும் அதே மதிப்பீட்டில் இருக்கின்றனவா, ரயில் கட்டணம் பஸ் கட்டணத்தோடு இணைந்ததா என்று கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தொடர்ந்து இருக்க என்ன ஏற்பாடு, எத்தனை வீடுகள் அவர்கள் கட்டக்கூடிய வாடகைக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இவற்றையெல்லாம் கேட்கவேண்டிய நேரம் பாதையின் வரைபடம் பென்சிலில் இருக்கும்போது. சதர்க் கவுன்சில் கேட்டது அந்த நேரத்தில்தான்.